சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத கட்டாயம்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு மறுபடியும் தொழிற்சாலைகள் வருகின்றன. 2022 நவம்பரில் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது; காலணித் தொழிற்பூங்கா ஒன்றுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கும் இந்த மண்ணுக்கு ஆலைகள் தேவை. ஆனால், ஆலை என்றால் நிலம். அந்த நிலம் எப்படிக் கேட்கப்படும், மறுப்பவருக்கு என்ன நேரும் என்பதைப் பொதுவில் பேச வேண்டிய நேரம் இது.

காரணம் இருக்கிறது. நிலம் கொடுத்துவிட்டு இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் இந்த இரு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் பலர் ‘விருப்பப்பட்டு’ கையெழுத்துப் போட்டவர்கள் என்றுதான் ஆவணங்கள் சொல்கின்றன. அவர்களிடமே கேட்டால், “வேற வழியில்லாம கொடுத்தோம்” என்பார்கள். ஆவணம் சொல்வது பொய்யில்லை, அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. கட்டாயம் என்று சட்டம் எதைக் கருதுகிறது, எதைக் கருத மறுக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மிரட்டல் எது, தகவல் எது?

ஒரு கிராமத்தில் நிலம் கைமாறத் தொடங்கும் விதம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் வதந்தி வரும். பிறகு நிலத் தரகர் வருவார். “இந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனிக்குப் போகுது. இப்ப குடுத்தா இந்த விலை. நாளைக்கு கவர்மெண்டே எடுத்துக்கிட்டா கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான்” என்பார். பக்கத்து நிலத்துக்காரர் விற்றிருப்பார். அவர் வயல் வழியாகத்தான் நமக்குப் பாதை. அவர் கிணற்றை ஒட்டித்தான் நம் வாய்க்கால். வேலி போட்டுவிட்டால் நம் நிலம் தீவாகிவிடும். இந்த நிலையில் போடப்படும் கையெழுத்தை எந்த வகையில் சேர்ப்பது?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. அதன் 15ஆவது பிரிவின்படி, குற்றவியல் சட்டம் தடைசெய்த ஒரு செயலைச் செய்து, அல்லது செய்வதாக மிரட்டிச் சம்மதம் வாங்கினால் அது வலுக்கட்டாயம். ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்துக்கொண்டு, அல்லது பிடித்துவைப்பதாக மிரட்டிச் சம்மதம் வாங்கினாலும் அப்படியே. அவ்வாறு பெற்ற ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்துசெய்யலாம்.

நீதிமன்றங்கள் இதை எப்போதும் குறுகலாகப் பார்த்துவிடவில்லை. தற்கொலை செய்துகொள்வதாக ஒருவர் மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் வாங்கிய வழக்கில், அதுவும் வலுக்கட்டாயமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 1917இலேயே தீர்ப்பளித்தது. கத்தியைக் காட்டினால்தான் மிரட்டல் என்றில்லை என்பது நூறாண்டுக்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

ஆனால், நம் கிராமத்துத் தரகர் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். ‘அரசு எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். அரசு நிலம் எடுப்பது குற்றமில்லை. அது சட்டம் கொடுத்த அதிகாரம். ஆகவே, அதைச் சொல்லி ஒருவரைப் பணியவைப்பது 15ஆவது பிரிவின்படி வலுக்கட்டாயம் ஆகாது, வெறும் தகவலாகிவிடும். ஒரு குடியானவரின் மேல் வரக்கூடிய அழுத்தங்களிலேயே மிகக் கனமானது சட்டபூர்வமானது என்பதாலேயே சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதன் மையம் இதுதான்.

இதன் விளைவு கையில் வரும் பணத்தில் தெரியும். அரசு நிலமெடுப்பாக இருந்தால் ஆறுதல் தொகை உண்டு, விலை போதாது என்று நீதிமன்றம் போகும் உரிமை உண்டு, மறுவாழ்வு உதவி உண்டு. அதே நிலத்தை ‘நேரடிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் கிரயம் எழுதிக்கொடுத்தால் பத்திரத்தில் எழுதிய தொகையோடு கதை முடிந்தது. ஆலை வராவிட்டால்கூட “நிலத்தைத் திருப்பிக் கொடு” என்று கேட்க அந்தப் பத்திரத்தில் ஒரு வரி இருக்காது.

உழைப்புக்குக் கிடைத்த வெளிச்சம்

இந்தப் பகுதிக்குக் கட்டாயம் புதிதில்லை. கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளோடு வரிகளாக ‘வெட்டி’யும் ‘முட்டையாளும்’ வருகின்றன. குடிகள் கூலியின்றிச் செய்துகொடுக்க வேண்டிய வேலைகள் அவை. ஏரியும் வாய்க்காலும் கோயிலும் எழுந்த பெருமையைப் பேசும்போது, அவற்றுக்காக முதுகு வளைந்த குடிகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

குடிகள் எப்போதும் வளைந்துகொண்டே இருந்துவிடவும் இல்லை. 1429ஆம் ஆண்டையொட்டி, விஜயநகர ஆட்சிக் காலத்தில், காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் சுற்றுவட்டாரத்தில் வலங்கை, இடங்கை எனப்பட்ட சாதிப் பிரிவினர் ஒன்றுகூடி, அதிகாரிகளும் அவர்களோடு சேர்ந்த நிலவுடைமையாளர்களும் சுமத்திய வரிக் கொடுமையை ஏற்க மறுத்தார்கள். என்ன வரி, எவ்வளவு என்பதைத் தாங்களே வரையறுத்தார்கள். கொடுமை செய்பவர்களுக்கு இடம் கொடுப்பதில்லை, கணக்கு எழுதிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துக் கோயில் சுவரில் கல்வெட்டாகவே பொறித்தார்கள். வரலாற்றாய்வாளர்கள் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்த கல்வெட்டுகள் இவை. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள ஆடுதுறையும் அந்தக் கல்வெட்டுகள் கிடைத்த ஊர்களில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவன் கணக்கெழுத மறுத்தால் அரசாங்கம் நின்றுவிடும் என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள்.

ஆங்கிலேயர் வந்து பழைய வழக்கத்துக்குச் சட்ட முத்திரை குத்தினார்கள். 1858இல் சென்னை மாகாணத்துக்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஏரிக்கரை உடைப்பெடுக்கும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்கலாம். ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கலாம். இரண்டே ஆண்டுகளில், 1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டமோ, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சட்டவிரோதமாக வேலை வாங்குவதைக் குற்றம் என்றது. தண்டனை ஓராண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 374ஆவது பிரிவிலிருந்து 146ஆவது பிரிவுக்கு இடம் மாறியிருக்கிறது. தண்டனை அதே ஓராண்டுதான். 164 ஆண்டுகளில் எண் மட்டும் மாறிய குற்றம் இது.

உழைப்பைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. டெல்லியில் 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடங்கள் எழுப்பிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அவர்கள் தாமாக வந்துதானே வேலை செய்தார்கள், யாரும் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லையே என்பது எதிர்வாதம். நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பசியும் வறுமையும், வேறு வழியே இல்லாத நிலையும் ஒருவரைக் குறைந்த கூலிக்குத் தள்ளினால், அதுவும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது.

பசி ஒரு பலவந்தம் என்று 1982இல் உழைப்புக்குச் சொல்லப்பட்டுவிட்டது. நிலத்துக்கு இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லை.

கட்டாயத்துக்கு விலை உண்டு, மறுப்புக்கு இடமில்லை

நிலமெடுப்புச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. 1894ஆம் ஆண்டுச் சட்டம், சந்தை விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகையைக் கொடுக்கச் சொன்னது. எதற்காக? எடுப்பது கட்டாயமாக எடுப்பது என்பதற்காக. சட்டமே அப்படித்தான் காரணம் சொல்கிறது. ‘ஆறுதல் தொகை’ என்று வருவாய்த் துறை ஆவணங்களில் வருவது இதுதான். முதலில் சந்தை விலையில் 15 விழுக்காடாக இருந்தது. 1984இல் 30 ஆனது. 2013ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 100 ஆனது. ஒருவரின் விருப்பத்தை மீறுவதற்கு இந்த நாடு கொடுக்கும் விலை நூற்றிருபது ஆண்டுகளில் இப்படி ஏறியிருக்கிறது.

2013 சட்டம் விலையோடு நிற்கவில்லை. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுப்பதென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன்சம்மதம் வேண்டும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமென்றால் 70 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும் என்றது. எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு செய்து, ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்றது. 2014 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டுக்கு அது முழுதாக வந்துசேரவில்லை. மாநில அரசு அந்தச் சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலமெடுக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. தொழில் நோக்கங்களுக்கு நிலமெடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்று. நெடுஞ்சாலைகளுக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாவது. அந்த விலக்கு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டப்பேரவை மூன்றுக்கும் மறு உயிர் கொடுத்துச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இது ஒரு கட்சியின் ஆட்சி மட்டும் செய்ததன்று. 1997 சட்டத்தின் கீழ்தான் சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப்படுகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தச் சட்டம் வசதியாகவே இருந்திருக்கிறது.

சாதாரண விவசாயிக்கு இதன் பொருள் என்ன? பணம் புதிய சட்டத்தின் அளவில் வரும். ஆறுதல் தொகையும் அப்படியே. ஆனால், சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது, சம்மத விழுக்காடு கிடையாது. கட்டாயத்தின் விலை வந்துவிட்டது, மறுக்கும் வழி வரவில்லை. போதாததற்கு, 2023இல் பெரிய திட்டங்களுக்காக நில ஒருங்கிணைப்புச் சட்டமும் வந்திருக்கிறது. நீர்நிலைகள் அடங்கிய நிலத்தையும் சிறப்புத் திட்டமாக அறிவித்து ஒருங்கிணைக்க அது வழிசெய்கிறது. ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் ஊர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

அந்தப் பணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. சந்தை விலையைக் கணக்கிடும் வழிகளில் ஒன்று அரசின் வழிகாட்டி மதிப்பு; இன்னொன்று அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரி. இரண்டில் எது கூடுதலோ அதை எடுக்க வேண்டும். பத்திரச் செலவை மிச்சம்பிடிக்க விலையைக் குறைத்து எழுதுவது நம் ஊர்களில் வழக்கம். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தது. இரண்டு அளவுகோலும் குட்டையாக இருந்த காலத்தில் நோட்டீஸ் வாங்கியவருக்கு, 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் குட்டையாகத்தான் வந்திருக்கும்.

ஜெயங்கொண்டம் கற்றுத்தரும் பாடம்

1990களின் நடுவில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய கிராமங்களில் பழுப்பு நிலக்கரி எடுத்து அனல்மின் நிலையம் அமைக்கப்போவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவுக்காக அரசு கையகப்படுத்தியது. செம்மண் பூமி, முந்திரிக் காடுகள். கொடுக்கப்பட்ட இழப்பீட்டை விவசாயிகள் ஏற்கவில்லை. வழக்குகள் குவிந்தன. அவற்றை விசாரிக்கவே ஜெயங்கொண்டத்தில் சிறப்பு நீதிமன்றம் தேவைப்பட்டது. அனல்மின் நிலையம் வரவே இல்லை. கால் நூற்றாண்டு கழித்துத் திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது.

முடிவு நல்ல முடிவு. ஆனால், இடையில் போன காலத்தை யார் கணக்கெடுத்தது? பல இடங்களில் நிலம் விவசாயியின் அனுபவத்திலேயே இருந்திருக்கலாம், பயிரும் வைத்திருக்கலாம். ஆனால், அரசு எடுத்ததாகக் கணக்கில் ஏறிய நிலத்தை அடமானம் வைக்க முடியாது. விற்க முடியாது. வங்கி பயிர்க்கடன் தராது. கிணறு வெட்டலாமா, ஆழ்துளைக் குழாய் இறக்கலாமா என்று ஒவ்வொரு ஆண்டும் தயங்க வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் பையனைப் படிக்கவைக்கவும் கைகொடுக்க வேண்டிய நிலம், இருந்தும் இல்லாததாக இருபத்தைந்து ஆண்டுகள் கிடந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஆண்டுகள் திரும்பி வந்துவிடுமா?

திருப்பிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் முன்பே வழி இருந்தது. பழைய நிலமெடுப்புச் சட்டத்தில் தமிழ்நாடு அரசே 48-பி என்ற பிரிவை 1990களில் சேர்த்தது. எடுத்த நிலம் தேவையில்லை என்று அரசு கருதினால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சம்மதிக்கும் பழைய உரிமையாளருக்கு அதைக் கொடுக்கலாம். ‘கொடுக்கலாம்’தான். எப்போது தேவையில்லை என்று முடிவெடுப்பதும் அரசுதான். எடுக்கும்போது விவசாயிக்கு நாள் குறித்து நோட்டீஸ் கொடுத்த சட்டம், திருப்பித் தருவதற்கு அரசுக்கு ஒரு நாளும் குறிக்கவில்லை.

2013 சட்டத்தின் 24ஆவது பிரிவு, பழைய வழக்குகளில் சிக்கியவர்களுக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. அவார்டு எனப்படும் இழப்பீட்டு உத்தரவு போட்டு ஐந்தாண்டுகள் ஆகியும் நிலத்தை எடுக்காமலோ பணம் கொடுக்காமலோ இருந்தால் நிலமெடுப்பே காலாவதி என்று பலரும் அதைப் படித்தார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இரண்டுமே நடக்காமல் இருந்தால்தான் காலாவதி என்று விளக்கியது. அவசரத்துக்குச் சொற்பப் பணத்தை வாங்கிக்கொண்டவர், நிலம் தன் கையிலேயே இருந்தாலும் அந்தக் கதவு மூடியதைப் பார்த்தார்.

பெரம்பலூர் பக்கம் கதை வேறு தினுசு. திருமாந்துறை வட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும் என்று 2007ஐ ஒட்டி டிட்கோவும் ஜிவிகே குழுமமும் சேர்ந்து அறிவித்தன. மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரி நிலங்கள் கைமாறின. நிலம் கொடுத்தவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் காத்திருந்தார்கள். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பல ஆண்டுகள் பார்த்தது ஆலைகளையல்ல, கருவேல மரங்களைத்தான். 2013 சட்டத்தின் 101ஆவது பிரிவு, எடுத்த நிலம் ஐந்தாண்டுகள் பயன்படாமல் கிடந்தால் உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. பேரம்பேசிக் கிரயம் முடித்த நிலத்துக்கு அது பொருந்தாது. மாநிலத் தொழில் நோக்கச் சட்டத்தின்கீழ் எடுத்த நிலத்துக்கும் அது தானாகப் பொருந்தாது.

அரியலூர் மாவட்டம் ஆனந்தவாடியில் அரசு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு 1980களில் நிலம் கொடுத்தவர்கள், வாக்களித்த வேலைக்காகப் பேரன் பேத்தி எடுக்கும் வயது வரை போராடினார்கள். நிலம் கொடுத்த கையெழுத்துப் பத்திரத்தில் இருக்கிறது. வேலை தருவதாகச் சொன்ன வாக்கு காற்றில் இருக்கிறது.

‘ஆட்சேபணையுடன்’ என்ற ஒரு வரி

இழப்பீட்டுத் தொகையை வாங்கும் நாளில் நடக்கும் ஒன்றை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். தொகையை வாங்கும்போது ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடாதவர், கூடுதல் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போகும் உரிமையை இழப்பார் என்று 1894 சட்டம் சொன்னது. 2013 சட்டத்தின் 77ஆவது பிரிவும் அதையே சொல்கிறது.

அலுவலகத்துக்குள் நுழைந்தாலே கைகட்டி நிற்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் தனி வட்டாட்சியர். இந்தப் பக்கம் நீண்ட வரிசை. கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கட்டைவிரல் வைக்கச் சொல்கிறார்கள். ‘ஆட்சேபணை’ என்ற சொல்லை அங்கே எழுத வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? தெரிந்தாலும், பணம் கொடுக்கும் அதிகாரியின் முகத்துக்கு நேரே “எனக்கு ஆட்சேபணை” என்று எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? எழுதத் தெரிந்த மகனோ மருமகனோ உடன் வந்த குடும்பம் நீதிமன்றம் போய்க் கூடுதல் தொகை வாங்கும். துணைக்கு ஆளில்லாத விதவைத் தாய் வாங்கியதோடு வீடு திரும்புவார். ஒரே புல எண், ஒரே மண். பணம் மட்டும் வேறு வேறு.

1894 சட்டத்தில் 1984இல் சேர்த்த 28-ஏ பிரிவு இதை ஓரளவு சரிசெய்யப் பார்த்தது. பக்கத்து நிலத்துக்காரர் நீதிமன்றத்தில் கூடுதல் வாங்கினால், வழக்குப் போடாதவரும் அதே விலையைக் கேட்டு மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுக்கலாம். அந்தத் தீர்ப்பு வந்த செய்தி மூன்று மாதத்துக்குள் அவர் காதுக்கு எட்ட வேண்டுமே!

காகிதத்திலேயே வராதவர்களும் உண்டு. குத்தகைக்கு உழுதவர், களையெடுக்க வந்தவர், முந்திரி பொறுக்கியவர், அந்தக் கரம்பில் ஆடு மேய்த்தவர். 2013 சட்டம் மூன்றாண்டுகளுக்கு மேல் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. ஆனால், அவர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையைச் செய்வது சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாட்டில் அதைத்தான் விலக்கிவைத்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான ஒரு வழக்கில், அரசமைப்புச் சட்டத்தின் 300-ஏ கூறு தரும் சொத்துரிமைக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகச் சொன்னது. முன்னறிவிப்பு, ஆட்சேபணையைக் கேட்பது, காரணம் காட்டும் முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, திறம்பட நடத்துவது, உரிய காலத்தில் முடிப்பது ஆகியவை. இவற்றில் எதை மீறினாலும் நிலமெடுப்பைக் கேள்வி கேட்கலாம். மாநிலச் சட்டங்களும் அரசமைப்புச் சட்டத்துக்குள் அடங்கியவைதாம். எனவே, தமிழ்நாடு இப்போதே தன் 1997 சட்டத்தை இந்த ஏழோடு வைத்துப் பார்த்துத் திருத்துவது, பின்னால் வழக்குகளில் இழுபடுவதைவிட மேல்.

முதலில் செய்ய வேண்டியது, சமூகத் தாக்க மதிப்பீட்டைத் தொழில் நோக்க நிலமெடுப்புக்குள் கொண்டுவருவது. கிராம சபைக்கு இதில் பல் வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்பதை கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் கூடி வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அது வன உரிமைச் சட்டத்தின் பலத்தில் நடந்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டும் அவற்றுக்கு அந்தப் பலம் இல்லை. எல்லாத் திட்டங்களுக்கும் தடுப்புரிமை கேட்கவில்லை. கிராம சபை ‘வேண்டாம்’ என்றால், மாவட்ட ஆட்சியர் அதற்கு எழுத்தில் பதில் சொன்ன பிறகே அடுத்த நோட்டீஸ் என்றாவது விதி செய்யலாம்.

தனியார் பேரத்துக்கும் ஒரு வரைமுறை தேவை. ஒரு வட்டாரத்தில் தொழிற்பூங்கா வரப்போகிறது என்று அரசு முடிவெடுத்தால், அதை வரைபடத்தோடும் புல எண்களோடும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிய பிறகே அங்கே பெரிய அளவில் நிலம் வாங்க அனுமதிக்க வேண்டும். தரகருக்குத் தெரிந்தது நிலத்துக்காரருக்கும் தெரிந்தால் பாதி மிரட்டல் செத்துப்போகும். விற்று ஐந்தாண்டுகளுக்குள் அதே நிலம் கூடுதல் விலைக்குக் கையகப்படுத்தப்பட்டால், வித்தியாசத்தில் பங்கு முதலில் விற்றவருக்குப் போக வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு. 2011 செப்டம்பர் 5க்குப் பிறகு பேரத்தில் பெருமளவு வாங்கப்பட்டு, சட்டம் வந்து மூன்றாண்டுக்குள் கையகப்படுத்தப்பட்ட நிலத்துக்கு, இழப்பீட்டில் 40 விழுக்காட்டை மூல உரிமையாளருக்குத் தர 2013 சட்டமே வழிசெய்தது. அதை நிரந்தரமாக்கினால் போதும்.

வேலை வாக்குறுதி கொடுத்தால் அது அவார்டிலேயே எழுதப்பட வேண்டும். எத்தனை வேலை, யாருக்கு, எந்த ஆண்டுக்குள், தவறினால் மாதம் எவ்வளவு என்ற விவரத்தோடு. மேடையில் சொன்னதை வைத்து வழக்குப் போட முடியாது.

எடுத்த நிலம் ஐந்தாண்டுகளில் பயன்பாட்டுக்கு வராவிட்டால் திருப்பித் தருவது அரசின் கடமை என்று சட்டம் சொல்ல வேண்டும். இடைப்பட்ட காலத்துக்கு ஆண்டு வாடகையும் சேர வேண்டும். 1990களிலிருந்து இந்த இரு மாவட்டங்களில் எடுத்த நிலம், பயன்படுத்திய அளவு, சும்மா கிடக்கும் அளவு ஆகியவற்றைப் புல எண் வாரியாக வருவாய்த் துறையின் இணையதளத்தில் வெளியிட்டாலே புதிதாக எடுக்க வேண்டிய தேவை எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிடும். ஜெயங்கொண்டத்தில் திரும்பக் கிடைத்த நிலங்களுக்குப் பட்டா மாறுதலும் வில்லங்க நீக்கமும் முகாம் போட்டு முடித்துக் கொடுக்கப்பட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்கள் அலைந்தது போதும்.

விசாரணை நாளன்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் தனி வட்டாட்சியர் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கின்றன. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. அவார்டு நகலைப் படித்துக் காட்டுவதும், அருகிலுள்ள நிலத்துக்குத் தீர்ப்பு வந்தால் குறுஞ்செய்தி அனுப்புவதும் அவர் வேலையாக இருக்கட்டும்.

இவற்றில் பலவற்றுக்குச் சட்டப்பேரவை கூட வேண்டும், ஒப்புதல்கள் வேண்டும், காலம் பிடிக்கும். இழப்பீட்டு ரசீதுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்ற வரியை ரசீதுப் படிவத்திலேயே அச்சிட்டு, ஆட்சேபணை இல்லாதவர் மட்டும் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம் என்று வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஜெயங்கொண்டத்திலோ பெரம்பலூரிலோ அடுத்த நிலமெடுப்பு அறிவிக்கை வருவதற்குள் அந்தப் படிவம் தயாராக இருக்க வேண்டும்.